எல்லாம் இருக்குங்க

பாடசாலை அதிபர் செல்லசாமி சிரித்தால் மேலிடத்திலிருந்து யாரோ பாராட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பாராட்டு அடிக்கடி வருகிற சமாசாரம் இல்லை என்பதால் அவருடைய சிரிப்பும் கொஞ்சம் துருப்பிடித்துத்தான் இருக்கும். அன்று காலை அவர் அலுவலக வாசலிலேயே நின்று பல் தெரியச் சிரித்தார்.

“வாங்க ஷிராணி டீச்சர், வாங்க. வலயத்திலேயே நம்ம ஸ்கூல்தான் ஃபர்ஸ்ட்டு.”

எதில் என்று ஷிராணிக்கு விளங்கவில்லை. வட்டவளைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற கடைசி முடக்குக்கும் அப்பால் இருந்த தேயிலைத் தோட்டப் பாடசாலை அது. கணிதத்தில் முதல் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஓட்டத்தில் என்றால் நம்பலாம். ஆனால் அந்த வருடம் மழையால் விளையாட்டுப் போட்டியே நடக்கவில்லை.

“மனநலத்துல,” என்றார் அதிபர், பெருமையாக.

போன மாதம் வலயக் கல்வி அலுவலகம் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரு வினாக்கொத்து அனுப்பியிருந்தது. ராத்திரி தூக்கம் வருகிறதா, காலையில் சாப்பிட்டு வருகிறாயா, மனக்கஷ்டம் வந்தால் சொல்ல யாராவது இருக்கிறார்களா, பாடசாலையில் போகப் பயப்படுகிற இடம் ஏதும் உண்டா என்றெல்லாம் கேள்விகள். பெயர் எழுதத் தேவையில்லை. பிள்ளைகள் சொல்வதைக் கூட்டிப் பார்த்து, எந்தப் பாடசாலைக்கு எந்த உதவி என்று தீர்மானிப்பதாக ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். எல்லா வகுப்புகளிலும் அதை நடத்தும் பொறுப்பு பதினோராம் ஆண்டு வகுப்பாசிரியை ஷிராணியின் தலையில் விழுந்தது.

அதிபர் கையிலிருந்த முடிவை வாங்கிப் பார்த்தாள். அதன்படி இந்தப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோரும் படுத்தவுடன் தூங்கிவிடுகிறார்கள். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு வருகிறார்கள். ஒருவருக்கும் எதற்கும் பயமில்லை. போன வருட மழையில் மண்சரிந்து கீழ் லயத்து வரிசை வீடுகளில் பாதியைக் கொண்டுபோன தோட்டம் இது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே பூசணித் தோட்டத்தையே மறைத்திருந்தார்கள்.

“சார், இது நம்ம புள்ளைங்க போட்டதுதானா?”

“ஏன் டீச்சர், ஒரு நல்லது வந்தா நம்பக்கூடாதா?” என்றார் அதிபர். சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

அந்த நல்லது என்ன விலைக்கு வந்தது என்பது பத்து மணிக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை. மனநல ஆலோசனை ஆசிரியை கஜனி வருகிற நாள். யாழ்ப்பாணத்துக்காரி, ஹட்டனில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள். முழு வலயத்துக்கும் இப்படி இருந்தவர்கள் இரண்டே பேர். கஜனி குடையை மடக்கி வைத்துவிட்டு, உட்காராமலே சொன்னாள்.

“டீச்சர், அடுத்த மாசத்திலயிருந்து நான் இஞ்ச வரமாட்டன். பிள்ளையள் கஷ்டப்படுற பள்ளிக்கூடங்களுக்குத்தான் எங்களை விடுகினமாம். உங்கட பிள்ளையள் நல்ல சந்தோசமாம். முடிவு அப்பிடித்தானே சொல்லுது, நான் என்னெண்டு மறுக்கிறது?”

“அப்ப நிலக்ஷி?”

கஜனி மடக்கி வைத்த குடையைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

மண்சரிந்தபோது கீழ் லயத்துக் குடும்பங்களைப் பாடசாலை மண்டபத்தில்தான் தங்கவைத்திருந்தார்கள். நிலக்ஷியின் அப்பா சின்னராசா அந்த மண்டபத்தின் நடுவில், ஒரு பாயில், நெஞ்சு நோவோடு கிடந்தார். அன்று பாதை மறுபடி அடைபட்டுக் கிடந்ததால் அம்புலன்ஸ் வர வழியில்லை. செல்லசாமி அதிபரும் இன்னும் மூன்று பேருமாகக் கம்பளியில் வைத்துத் தூக்கப் போனபோது மூச்சு நின்றிருந்தது. அதற்குப் பிறகு நிலக்ஷி அந்த மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை. காலைக் கூட்டத்துக்கு எல்லோரும் உள்ளே போனால் அவள் மட்டும் வகுப்பில் இருப்பாள். வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரி அவள். ஆனால் இன்னும் சில மாதங்களில் வருகிற சாதாரண தரப் பரீட்சை அந்த மண்டபத்தில்தான். எழுதாவிட்டால் படிப்பு அதோடு சரி. கொழும்பில் ஏதாவது கடைக்குப் போக வேண்டியதுதான்.

ஷிராணி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். பிள்ளை வாந்தி எடுத்ததுதான் மிச்சம். கஜனி வந்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது. முதலில் மண்டபம் தெரிகிற மரத்தடி. பிறகு அதன் விறாந்தை. போன வாரம் கதவு நிலை வரைக்கும். இனி ஒரு படிதான் மிச்சம் என்று இருந்த நேரத்தில்தான் பாடசாலை சந்தோஷத்தில் முதலாவதாக வந்து தொலைத்தது.

ஷிராணி நேரே வகுப்புக்குப் போனாள். கோபம் மூக்கின் மேல் நின்றது.

“வினாக்கொத்துல யாரு எல்லாத்துக்கும் நல்லம் நல்லம்னு போட்டது?”

வகுப்புத் தலைவி ஜெரோமி எழுந்தாள். நிமிர்ந்த பிள்ளை. பாராட்டப் போகிறார்கள் என்றே நினைத்துவிட்டாள்.

“எல்லாரும்தான் டீச்சர். ஒத்துமையாப் போட்டோம். மத்த வகுப்புக்கும் சொல்லி விட்டேன். கிஷாந்த் மட்டும் தூக்கம் வரலன்னு போடப் பாத்தான். நான் கண்ணக் காட்டுனேன், அழிச்சிட்டான்.”

“ஏம்புள்ள அப்படி?”

“ஓடிட்டு மாதிரி இருந்துச்சுங்க டீச்சர். உங்களுக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதுல்ல?”



தேயிலைக்கு வெளிநாட்டுச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் வருடத்துக்கொரு தடவை தோட்டத்தைப் பார்க்க வருவார்கள். அதைத்தான் தோட்டத்தில் ஓடிட் என்பார்கள். அவர்கள் வரப்போவது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிபடும். எங்கிருந்தோ ஒரு முதலுதவிப் பெட்டி வந்து சுவரில் ஏறும். குழாயடியில் சவர்க்காரம் முளைக்கும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குக் கூடி நிற்கிறவர்களிடம், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “எது கேட்டாலும் எல்லாம் இருக்குங்கன்னு சொல்லணும். சேர்டிபிகட் போச்சுன்னா வேலநாளும் போயிரும், அப்பறம் என்னயக் கேக்கக் கூடாது.” அடுத்த நாள் கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் வந்து, பெயர் வேண்டாம், பயப்படாமல் சொல்லுங்கள் என்று அன்பாகக் கேட்பார். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் நம் சனத்துக்குப் பயமே வரும். எல்லாம் இருக்குங்க என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஷிராணிக்கு இது தெரியாத கதை இல்லை. அவளும் லயத்தில் பிறந்தவள்தான். அவளுடைய அம்மா சுகிர்தம் ஓடிட் நாளில் புதுக் கையுறை போட்டுக் கொழுந்தெடுத்து, சாயந்தரம் அதைக் கழற்றி ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள். அப்படிப்பட்ட ஷிராணி வினாக்கொத்து நாளுக்கு முந்தின நாள் என்ன செய்தாள்? வலயத்திலிருந்து ஆள் வருகிறதே என்று வகுப்பைக் கூட்டிப் பெருக்கினாள். ஜன்னலுக்குத் தன் வீட்டுத் திரைச்சீலையைக் கொண்டுவந்து மாட்டினாள். குழாயடியில் சவர்க்காரம் வைத்தாள். அலுமாரிக்குள் கிடந்த முதலுதவிப் பெட்டியைத் துடைத்துச் சுவரில் தொங்கவிட்டாள். எல்லோரும் டை கட்டி வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். கழுத்தில் அட்டையோடு வந்தவர் பெயர் எழுத வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டார். பிள்ளைகள் வேறு எதைப் போடுவார்கள்? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதுதான். அவள் போட்டது நிலக்ஷியின் தலையிலும் விழுந்திருந்தது.

கோபம் போன இடம் தெரியவில்லை. தனக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதென்று ஒரு வகுப்பே சேர்ந்து பொய் சொல்லியிருக்கிறது. அதை நினைத்து அழுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதிபரிடம் போய், வினாக்கொத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்றாள். நடத்திய விதத்தில் பிழை நடந்துவிட்டது, அது தன் பிழைதான் என்று எழுதித் தருவதாகவும் சொன்னாள்.

“உங்களுக்கு என்ன டீச்சர், பைத்தியமா? இந்த ஸ்கூலுக்கு ஒரு நல்ல பேரு வந்து எத்தன வருஷமாச்சு? அதக் கெடுத்து, உங்க பேரையும் கெடுத்துக்கிட்டு…”

“அந்தப் புள்ள பரீட்ச எழுதாமப் போயிரும் சார்.”

அதிபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னராசாவைத் தூக்கப் போன கம்பளியின் ஒரு முனையைப் பிடித்தவர் அவர். அதற்கு மேல் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வலயத்துக்குப் போன் பண்ணினார். நிறைய ‘ஆமாங்க சார்’ சொன்னார், ஏச்சும் வாங்கினார். வைத்துவிட்டுத் திரும்பியபோது அவருடைய பழைய சூட்டிகை வந்திருந்தது.

“சரின்னுட்டாங்க. ஆனா ஒண்ணு டீச்சர். இந்தத் தடவ எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு போடச் சொல்லுங்க. கஜனி மிஸ்ஸும் வருவாங்க, கூடவே ரெண்டு தண்ணி டேங்கும் வரும்.”

இரண்டாவது தடவை சவர்க்காரம் இல்லை, திரைச்சீலை இல்லை, டை இல்லை. கூரையில் ஒழுகுகிற இடத்தில் வழக்கம்போல வாளி இருந்தது. ஏன் திரும்ப நடத்துகிறோம் என்பதை ஷிராணி மறைக்காமல் சொன்னாள். நிலக்ஷியின் பெயரைச் சொல்லவில்லை. கஜனி மிஸ் வருவது நின்றுவிடப் போகிறது, வினாக்கொத்தைப் பார்த்துத்தான் அதைத் தீர்மானிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஜெரோமியின் முகம் மலர்ந்தது.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர்! ஓடிட்டு இல்ல, நிவாரணம். அப்ப எல்லாம் இல்லன்னு போடணும். டேய், எல்லாரும் கேட்டுக்கங்க!”

வகுப்பு பேனாவைக் கையில் எடுத்துவிட்டது. ஷிராணி ஒரு தடவை தலையை ஆட்டினால் போதும். கஜனி வருவாள், நிலக்ஷி அந்த ஒரு படியைத் தாண்டுவாள், தண்ணீர் டேங்கும் வரும். ஆட்டிவிடத்தான் மனம் துடித்தது. நல்லதுக்குச் சொல்கிற பொய்தானே? ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கிறவர்களுக்குச் சொல்ல இரண்டே பதில்தான் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்று எல்லாம் இருக்கு, இல்லாவிட்டால் எல்லாம் இல்லை. எது இருக்கிறது, எது இல்லை என்று ஒருவரும் இவர்களிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதிலுக்காகக் காத்து நின்றதில்லை.

“மண்டபத்துக் கேம்ப்ல இருந்தப்ப நிவாரணத்துக்காரங்க வந்து கேட்டாங்களே, என்ன சொன்னோம்?” என்று கேட்டாள்.

“எல்லாம் இல்லன்னு.”

“என்ன வந்துச்சு?”

வகுப்பு கலகலத்தது. லொறி நிறையப் பழைய துணி என்றான் ஒருவன். கலியாண வீட்டுக் கோட்டு என்றான் இன்னொருவன். தன் தாத்தா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்ததை ஜெரோமி நடித்தே காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், ஷிராணியும் சிரித்தாள். நடித்துக்கொண்டிருந்த ஜெரோமி சட்டென்று கையைக் கீழே போட்டாள்.

“டாக்டர் வேணும்னு யாரும் தனியாச் சொல்லல, டீச்சர்.”

சிரிப்பு நின்றது. யாரும் நிலக்ஷியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் பட்ட பாடு தெரிந்தது.

“அப்பாவும்தான் சொல்லல,” என்றாள் நிலக்ஷி, மேசையைப் பார்த்தபடி. “கிளினிக்கு மிஸ் வந்து ஒடம்புக்கு என்னன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் இல்லீங்கன்னுட்டாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். நானும் சொல்லல.”

வாளியில் மழைத்தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. ஷிராணிக்கு ஓடிப்போய் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கு இது நேரமில்லை என்பதும் தெரிந்தது.

“இருக்கிறத இருக்குன்னு போடுங்க புள்ளைங்களா. இல்லாதத இல்லன்னு போடுங்க. அடுத்தவங்களப் பாக்க வேணாம். மிஸ் வந்தாலும் சரி, வராட்டியும் பரவாயில்ல.”

பரவாயில்லை என்றது பொய். அந்த ஒரு பொய்யை மட்டும் அவள் சொல்லிக்கொண்டாள்.

முடிவு வந்தபோது பாடசாலை நடுவில் எங்கோ நின்றது. முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை. உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் நடுவில்தான் நிற்க வேண்டும் போலிருக்கிறது. தலைப்புச் செய்தியாகாது, உதவியும் கிடைக்காது. கஷ்டப்படும் பாடசாலைகளின் வரிசையில் தன் பாடசாலை இருக்கிறதா என்று ஷிராணி மேலிருந்து கீழாக இரண்டு தடவை தேடினாள். இல்லை. தலையை ஆட்டியிருக்கலாமோ என்று நினைத்தாள். ஆயிரம் தடவை நினைத்தாள்.

ஆனால் கஜனி மொத்தத்தைப் பார்த்துவிட்டுப் போகிற ஆளில்லை. பதினோராம் ஆண்டை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு வலய அலுவலகத்தின் படியேறினாள். அங்கே என்ன சண்டை பிடித்தாளோ, பரீட்சை முடியும்வரை வியாழக்கிழமைகள் உண்டு என்ற உத்தரவோடுதான் திரும்பி வந்தாள். இந்த முறை ஒரு பிள்ளைக்காக இல்லை, முழு வகுப்புக்காக.

வந்த அன்றே வகுப்பில் நின்று சொன்னாள்:

“பிள்ளையள், நீங்கள் சொன்னதை உங்களுக்கே திருப்பிச் சொல்லத்தான் வந்தனான். ஆர் என்ன போட்டது எண்டு எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில போகப் பயப்படுற இடம் இருக்கோ எண்டு கேட்டதுக்கு இந்த வகுப்பில அரைவாசிக்கு மேல ஓம் எண்டு போட்டிருக்கினம். எந்த இடம் எண்டு எழுதினதும் எல்லாரும் ஒண்டுதான். மண்டபம்.”

நிலக்ஷி தலையைத் தூக்கி முன்வரிசையைப் பார்த்தாள், பின்வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“எனக்கு மழ பேஞ்சா மண்ணு வார சத்தம் கேக்கும் மிஸ்,” என்றான் கிஷாந்த். “அதான் கதவுக்கிட்டயே நிப்பேன்.” இன்னொருத்திக்கு அந்த மண்டபத்தின் வாசனையே ஆகாதாம். காலைக் கூட்டத்தில் பதினோராம் ஆண்டு மட்டும் ஆட்டுமந்தை மாதிரிக் கதவோரம் நெரிபடுகிறது என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறாள் ஷிராணி! திட்டிய ஒவ்வொரு சொல்லும் இப்போது அவளைச் சுட்டது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அதிபர் தொண்டையைச் செருமினார்.

“நானும் கதவுப் பக்கமாத்தான் நிக்கிறேன்,” என்றார். “கவனிச்சீங்களா என்னமோ.”

“நான் மட்டும்தான்னு நெனச்சேன்,” என்றாள் நிலக்ஷி. “எனக்கு மட்டும்தான் மூள கொழம்பிருச்சுன்னு நெனச்சேன், மிஸ்.”

அடுத்த வியாழக்கிழமை முழு வகுப்பும் மண்டபத்துக்குப் போனது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே போனால் கணக்குப் பாடம்; முடியாதவர்கள் விறாந்தையில் இருந்து செய்யலாம் என்பது கஜனியின் ஏற்பாடு. பையன்கள் சிலர் வீறாப்பாக உள்ளே நுழைந்துவிட்டார்கள். முன்னால் நடந்த ஜெரோமி கதவு நிலையில் நின்றாள். தினமும் போய் வந்த இடம்தான். சொல்லாத வரைக்கும் போக முடிந்தது. சொன்ன பிறகு கால் எழவில்லை. ஊரையே கட்டி மேய்க்கிற அந்தப் பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஷிராணி உதவிக்குப் போக ஒரு அடி வைத்தாள். கஜனி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பின்னாலிருந்து நிலக்ஷி வந்தாள். ஜெரோமியின் பக்கத்தில் போய் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மூச்ச மெதுவா விடு. கீழ பாக்காத, அந்த ஜன்னலப் பாரு. இது வரைக்கும் நான் நெறைய தடவ வந்திருக்கேன் ஜெரோமி, இதுவரைக்கும் எனக்குத் தெரியும். இதுக்கு அங்கிட்டுதான் எனக்கும் தெரியாது. வா, பாப்போம்.”

ஷிராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு பிள்ளைகளும் கையை விடாமல் உள்ளே போனார்கள்.